130 வாட்ஸ் வீரர்களுக்கு...

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லைங்க. எலக்ட்ரீஷியனும் இல்லை. பி.காம் மூணாவது வருஷம். "டெபிட் கிரெடிட் பார்க்கிறவனுக்கு ஜீப் ஒயரிங்ல என்னடா வேலை?"ன்னு கேன்டீன்ல ஏற்கெனவே கேட்டாச்சு. இந்தப் பதிவே அந்தக் கேள்விக்குப் பதில்தான். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

விஷயம் இதுதான். என் மாமாகிட்ட ஒரு பழைய மகிந்திரா எம்எம்540 ஜீப் இருக்கு. என் வயசை விட அதுக்கு வயசு கூட. எங்க ஊர் போடி. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், போடியில இருந்து போடிமெட்டு ஏறினா 17 கொண்டை ஊசி வளைவு. அதுக்கு அந்தப் பக்கம் கேரளா, இடுக்கி மாவட்டம், ஏலத் தோட்டங்கள். எங்க பக்கத்து ஜனங்க விடியுமுன்ன ஜீப்ல ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாய இறங்கி வருவாங்க. கார்த்திகை மார்கழியில போறதும் இருட்டுல, வர்றதும் இருட்டுல. கூடவே பனி மூட்டம். அதனால ஜீப் ஹெட்லைட் எங்களுக்கு அழகுப் பொருள் கிடையாது.

நம்ம கிளாஸ்ல ஒரு கோஷ்டி, நெட்ல ஒரு கோஷ்டி, ரெண்டும் ஒரே மந்திரத்தைச் சொல்லுது. "பழைய ஜீப்பா? லைட் மங்கலா? 130 வாட்ஸ் பல்பு போடு. பத்தலையா, எல்இடி போடு. அப்பவும் பத்தலையா, மேல பார் லைட் ஒண்ணு மாட்டு. தெறிக்கும்!"

நான் சொல்றேன், இது முட்டாள்தனம். அதுவும் அடுத்தவன் உயிரை வச்சு பண்ற முட்டாள்தனம். எப்படின்னு கணக்கோட சொல்றேன்.

அந்த 9-வது வளைவு

மாமாவும் அந்த மந்திரத்தைக் கேட்டவர்தான். போன வருஷம் ஒரு கடையில (பேர் வேண்டாம்) 130/90 வாட்ஸ் பல்பு ரெண்டு போட்டாங்க. ஒயரிங் அதே பழைய ஒயரிங். முதல் ராத்திரி மாமாவுக்கு ஒரே குஷி. "மாப்ள, பகல் மாதிரி இருக்குடா"ன்னார்.

பகல் ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. டிசம்பர்ல ஒரு நாள் எனக்கு லீவு, சும்மா மாமாகூட போயிருந்தேன். திரும்பி இறங்கும்போது ஆறரை மணி இருக்கும். முன் சீட்டுல நான், பின்னாடி 11 பேர். (இத்தனை பேர் ஏத்துறது தப்புதான். தெரியும். அது தனிப் பதிவு.) 9-வது வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி மாமா பிரைட் போட்டார். ஒரு பிளாஸ்டிக் கருகுற வாடை. அடுத்த நொடி ரெண்டு லைட்டும் ஒண்ணா போச்சு.

மலையில பனிக்குள்ள அந்த இருட்டு எப்படி இருக்கும்னு ஊர்ல இருக்கறவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. எதிர்ல சுவர் இருக்கா பள்ளம் இருக்கான்னு தெரியல. மாமா மிதிச்ச பிரேக்குல ஜீப் நின்னுச்சு. யாருக்கும் எதுவும் ஆகல. பின்னாடி இருந்து ஒரு பாட்டி கேட்டாங்க, "ஏய்யா, கண்ணைக் கட்டிக்கிட்டா எங்களைக் கூட்டிட்டுப் போற?"

மாமா பதில் சொல்லல. ரெண்டு அண்ணனுங்க இறங்கி செல்போன் டார்ச்சைப் பிடிச்சு முன்னாடி நடந்தாங்க. ஜீப் பின்னாலயே ஊர்ந்து போச்சு. முந்தல் வந்து சேர ஒன்றரை மணி நேரம். வழி பூரா யாரும் பேசல.

மறுநாள் கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்விட்ச் டூப்ளிகேட்டா இருந்திருக்கும். புது ஸ்விட்ச் போட்டுக்கங்க. இல்லைன்னா பேசாம எல்இடி பார் போட்டுருங்க."

கல்லாவுல இருந்து காசு எங்க போகுது?

அதுக்கப்புறம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனோம். அவர் பல்பைப் பார்க்கவே இல்லை. 130-ஐக் கழட்டி வச்சிட்டு, சாதா 60/55 வாட்ஸ் பல்பும் புது ஸ்விட்சும் போட்டார். எஞ்சினை ஓட விட்டு, டிம் லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில 13.8 வோல்ட். அதே நேரம் பல்பு ஹோல்டர்ல 10.9 வோல்ட்.

நடுவுல 2.9 வோல்ட்டைக் காணோம்! கணக்குப் படிக்கிறவனுக்கு இது போதாதா? கல்லாவுல இருந்து 138 ரூபாய் கிளம்பி, போய்ச் சேர வேண்டிய ஆள் கையில 109 ரூபாய்தான் சேருதுன்னா, நாம என்ன பண்ணுவோம்? கூட பணம் அனுப்புவோமா, இல்லை வழியில யார் எடுக்கிறான்னு பார்ப்போமா? 130 வாட்ஸ் கோஷ்டி சொல்றது முதல் வழி :-)

வழியில எடுக்கிறவங்க யாருன்னு அண்ணே வரிசையா காட்டினார். பேட்டரியில கிளம்பின கரண்டு டேஷ்போர்டுக்கு உள்ள போகுது. லைட் ஸ்விட்ச் வழியா வருது. அங்கிருந்து டிப்பர் ஸ்விட்ச் (ரொம்பப் பழைய ஜீப்கள்ல இது கால்கிட்ட தரையில இருக்கும், தண்ணியும் சேறும் அங்கதான் விழும்). திரும்ப முன்னாடி வந்து, துருப்பிடிச்ச கப்ளர்கள் ரெண்டு மூணைத் தாண்டி பல்புக்குப் போகுது. பல்புல இருந்து எர்த், மட்கார்டு தகரம் வழியா. அந்தத் தகரமும் பெயின்ட்டும் துருவும்தான். ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கமிஷன்.

இந்த 2.9 வோல்ட் சின்ன விஷயம் மாதிரி தெரியும். இல்லை. ஹாலஜன் பல்போட வெளிச்சம் வோல்ட்டேஜோட நேரா ஏறி இறங்காது. ஏறக்குறைய வோல்ட்டேஜோட 3.4 அடுக்கா போகும். அதாவது வோல்ட்டேஜ் 10 விழுக்காடு குறைஞ்சா வெளிச்சம் 30 விழுக்காடு குறையும். எங்க ஜீப்ல வோல்ட்டேஜ் குறைஞ்சது 21 விழுக்காடு. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, பல்பு தர வேண்டிய வெளிச்சத்துல 45 விழுக்காடுதான் ரோட்டுக்கு வருது. பாதி கூட இல்லை. பல்பு மேல தப்பே இல்லை.

காணாம போன மீதி எங்க போச்சு? சூடா போச்சு. டிம்ல ரெண்டு பல்பும் சேர்ந்து 8, 9 ஆம்பியர் இழுக்கும். 2.9 வோல்ட்டோட பெருக்கினா ஏறக்குறைய 25 வாட். சால்டரிங் அயர்ன் பார்த்திருக்கீங்களா? சின்னது 25 வாட்தான். ஈயத்தை உருக்குற அளவு சூட்டை ஸ்விட்ச், கப்ளர், ஒயர்னு பங்கு போட்டு டேஷ்போர்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஓட்டுறோம்.

இப்ப அதே ஒயரிங்ல 130 வாட்ஸ் போடுங்க. பிரைட்ல 60 + 60 = 120 வாட், 12 வோல்ட்ல 10 ஆம்பியர். 130 + 130 = 260 வாட், கிட்டத்தட்ட 22 ஆம்பியர். கரண்டு ரெண்டு மடங்கானா ஒயர்ல வர்ற சூடு நாலு மடங்காகும். இது பள்ளிக்கூட பிசிக்ஸ், நான் காமர்ஸ் குரூப், எனக்கே தெரியுது. 10 ஆம்பியருக்குன்னு செஞ்ச ஸ்விட்ச்ல 22 ஆம்பியரை விட்டா உருகாம என்ன பண்ணும்? ஸ்விட்ச் டூப்ளிகேட் இல்லைங்க. யோசனைதான் டூப்ளிகேட்.

ரிலேன்னா என்ன? செக்கு கையெழுத்துதான்

அண்ணே செஞ்சது ரொம்ப சிம்பிள். ரெண்டு ரிலே வச்சார். டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு.

கம்பெனி மேனேஜர் பணத்தை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போறாரா? செக்குல கையெழுத்து போடுறார், பணம் பேங்க்ல இருந்து நேரா போகுது. ரிலேவும் அதேதான். பழைய ஸ்விட்சும் டிப்பரும் இப்ப கையெழுத்து மட்டும் போடுது. அது வழியா போறது கால் ஆம்பியர் கூட இல்லை. பல்புக்கான கரண்டு பேட்டரியில இருந்து பியூஸ், பியூஸ்ல இருந்து ரிலே, ரிலேவுல இருந்து பல்பு, அவ்வளவுதான்.

ரிலேவைத் திருப்பிப் பார்த்தா அடியில 30, 85, 86, 87னு நம்பர் இருக்கும். 30-க்கு பியூஸ் வழியா பேட்டரி. 87-ல இருந்து பல்பு. 86-க்கு பழைய லைட் ஒயர், 85-க்கு எர்த். பத்து நிமிஷத்துல யாரும் புரிஞ்சுக்கலாம். மூணு இடத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாதுன்னார் அண்ணே.

ஒண்ணு, ஒயர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் 4 மீட்டர் ஓடி 10 ஆம்பியர் போனா 0.7 வோல்ட் ஒயர்லயே காலி. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை நேர் வழியில 2 மீட்டர் மட்டும் ஓட்டினா 0.15 வோல்ட்தான் போகும்.

ரெண்டு, எர்த். மட்கார்டு தகரத்தை நம்பாம, ரெண்டு டோம்ல இருந்தும் தனி ஒயர் போட்டு பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டு வரணும். பல பேர் பாசிட்டிவ் பக்கம் எல்லாம் மாத்திட்டு இதை மறந்துடுவாங்க. போற வழியை அகலமாக்கிட்டு வர்ற வழியை அடைச்சு வச்சா என்ன பிரயோஜனம்?

மூணு, பியூஸ். பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். இடது லைட்டுக்குத் தனி, வலது லைட்டுக்குத் தனி. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு எரியும். இந்த ஒரு விஷயம் அன்னிக்கு இருந்திருந்தா, அந்தப் பாட்டி அந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க.

டோமோட ரிஃப்ளெக்டரும் கருத்துப் போயிருந்துச்சு. அதையும் மாத்தினோம். இந்த 7 இன்ச் வட்ட லைட் அளவு அமெரிக்காவுல 1940-ல வந்த ஸ்டாண்டர்டு. அதனால இன்னிக்கும் புது 7 இன்ச் டோம் கடையில ஈஸியா கிடைக்குது. எல்லாம் முடிச்சு, திரும்ப மீட்டர் வச்சோம். பல்புல 13.4 வோல்ட். அதே 60/55 வாட்ஸ் பல்பு, முன்ன இருந்ததை விட ரெண்டு மடங்கு வெளிச்சம். டோம் மாத்தினதைச் சேர்க்காமலே.

செலவு: ரிலே 2, பியூஸ் ஹோல்டர், ஒயர், லக், ஹோல்டர் எல்லாம் சேர்த்து 950 ரூபாய். டோம் ஜோடி 1,400. கூலி 800. மொத்தம் 3,150. கடைக்காரர் எல்இடி பாருக்கு மட்டும் சொன்ன விலை 3,500. எது முதலீடு, எது வெட்டிச் செலவுன்னு நீங்களே எந்தப் பக்கம் வேணும்னாலும் எழுதிக்கங்க.

"அப்ப எல்இடி?" – வர்றேன்

ஹெச்4 பல்புக்குள்ள டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட கீழ்ப் பாதியில படாம அது மறைக்கும். கீழ்ப் பாதியில பட்டா அந்த வெளிச்சம் மேல போய் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். அந்த இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ரோட்டுல விழற வெளிச்சம் மாறும். ரிஃப்ளெக்டரோட வளைவு மொத்தமும் அந்த இடத்தை வச்சுதான் போட்டிருக்காங்க.

அந்த ஓட்டையில பட்டையான எல்இடி குச்சியைச் சொருகினா? வெளிச்சம் நிறைய வரும். எங்க வரும்னுதான் கேள்வி. கண்ணுக்கு முன்னாடி 10 மீட்டர் பளீர்னு இருக்கும், தூரத்துல ஒண்ணும் தெரியாது. கிட்ட பளீர்னு இருக்கிறதால கண்மணி சுருங்கும், தூரம் இன்னும் இருட்டா தெரியும். ஓட்டுறவனுக்கு நல்ல லைட்டுங்கிற நினைப்பு மட்டும் வரும். எல்இடியே தப்புன்னு நான் சொல்லல. எல்இடிக்குன்னே வடிவமைச்ச, சான்று முத்திரை உள்ள முழு யூனிட் வேற விஷயம். பல்பை மட்டும் மாத்துற வேலைதான் ஏமாத்து.

பார் லைட் பத்திச் சொல்லவே வேண்டாம். அதுக்கு டிம் கிடையாது. பனியில அதைப் போட்டா, வெள்ளைச் சுவர்ல டார்ச் அடிச்ச மாதிரி வெளிச்சம் திரும்ப உங்க கண்ணுக்கே வரும். யாரும் இல்லாத காட்டுப் பாதையில, நல்ல வானிலையில போட்டுக்கங்க, வேண்டாங்கல. மலை ரோட்டுல எதிர்ல ஒரு தோட்ட ஜீப் வரும்போது போடாதீங்க.

லோடு ஏத்தினா லைட் வானத்தைப் பார்க்கும்

இது யாருமே பேசாத விஷயம். ஜீப்ல பின்னாடி ஆள் ஏறினா பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அமுங்கும், மூக்கு தூக்கும். மூக்கு 1 டிகிரி தூக்கினா 50 மீட்டர்ல வெளிச்சம் 87 சென்டிமீட்டர் மேல ஏறிடும். காலி ஜீப்ல ஒழுங்கா போகஸ் வச்சது, லோடு ஏறினதும் எதிர் டிரைவர் கண்ணுக்கு நேரா நிக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல விதி 106 என்ன சொல்லுதுன்னா, லைட்டுக்கு 8 மீட்டர் முன்னாடி, 1.5 மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசாத மாதிரி வெளிச்சம் கீழ இறங்கி இருக்கணும். நம்ம ஊர்ல அந்தக் காலத்துல ஹெட்லைட்டுக்கு நடுவுல கறுப்புப் பொட்டு ஒட்டினாங்களே, அதெல்லாம் இதே கவலைதான். அதனால நாங்க போகஸ் வச்சது லோடோட. தெரு ஆளுங்க பத்துப் பேரை பின்னாடி உட்கார வச்சு, 10 மீட்டர் தள்ளி பள்ளிக்கூடச் சுவர்ல, டோம் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே வெளிச்சத்தோட மேல் விளிம்பு நிக்கிற மாதிரி. எல்லாருக்கும் டீ, வடை. அது மட்டும் பில்லுல சேர்க்கல.

எதிர்ப்பாளர்களுக்கு

"எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கிறான், நாங்க மட்டும் ஏன் டிம்மா போகணும்?" இதுதான் எல்லாரும் கேக்குறது. நியாயமான கோபம்தான். ஆனா யோசிங்க. அவனைக் குருடாக்கினா உங்களுக்கு ரோடு தெரியுமா? 17 வளைவு இருக்கிற ரோட்டுல, கண்ணு தெரியாத ஒரு டிரைவர் உங்களை நோக்கி வர்றார். அவரைக் கண்ணு தெரியாம ஆக்கினது நீங்க. இதுல ஜெயிக்கிறது யார்? முதல் வருஷம் எகனாமிக்ஸ்ல புறவிளைவுன்னு ஒண்ணு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? லாபம் எனக்கு, செலவு அடுத்தவனுக்கு. ஃபேக்டரி புகைக்கு உதாரணம் எழுதி மார்க் வாங்கிட்டு, நம்ம வண்டியில அதையே செய்யுறோம். எல்லாரும் செஞ்சா எல்லாருக்கும் நஷ்டம்.

இன்னொரு கோஷ்டி, "பழைய ஜீப்ல ரிலே போட்டா ஒரிஜினாலிட்டி போயிடும்"னு அழும். ஐயா, ஒரு பழைய ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. பல்புல சொருகியிருக்கிற ஹோல்டரைக் கழட்டி ரிலே செட்டுல சொருகினா போதும். நாளைக்கு வேண்டாம்னா கழட்டிக்கலாம். கருகின ஒயரோட இருக்கிற ஒரிஜினாலிட்டியை நீங்களே வச்சுக்கங்க. அதுல நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுறீங்க. எங்க ஜனங்க ஆறு நாள் போறாங்க.

மொத்தத்துல சொல்ல வர்றது ஒரே வரிதான். பல்பை மாத்துறதுக்கு முன்னாடி வோல்ட்டேஜை அளந்து பாருங்க. மல்டிமீட்டர் 300 ரூபாய்க்குக் கிடைக்குது. பேட்டரியில ஒரு தடவை, பல்புல ஒரு தடவை. வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல இருந்தா உங்க பணம் போக வேண்டியது ஒயருக்கு, பல்புக்கு இல்லை.

இப்ப மாமா ஜீப் வழக்கம்போல ஓடுது. போன வாரம் இறங்கும்போது அதே பாட்டி பின்னாடி இருந்தாங்க. அதே 9-வது வளைவு. எதிர்ல ஒரு ஜீப் வந்துச்சு, மாமா டிம் பண்ணினார், அவரும் டிம் பண்ணினார். ரெண்டு பேருக்கும் ரோடு தெரிஞ்சுது. பாட்டி தூங்கிட்டு இருந்தாங்க.

டிஸ்கி: 130 வாட்ஸ் பல்பு ரெண்டும் எங்க வீட்டு அலமாரியில சும்மாதான் இருக்கு. யாருக்கும் தர்றதா இல்லை.